பட்டியலில் இல்லாத பன்னிரண்டாவது

அத்தியாயம் 7

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கேஸ்ல செத்தது யாரு?"

"ஒரு ஹார்டு டிஸ்க்."

"கொன்னது?"

"யாரும் கொல்லலை. வயசாகிச் செத்துச்சு. ஆனா பேக்கப் இல்லாம செத்துடுச்சே, அதுக்குத்தான் ஒரு மனுஷனைத் தூக்குல போடப் பார்க்கறாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் நான். எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் மொத்த ஆள்பலம் அவ்வளவுதான். அக்கா முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் கேள்விக்குறி. நான் பதினொரு வருஷம் ஒரு உதவி மையத்தில் போனில் உட்கார்ந்து, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னவன். அத்தனை வருஷத்தில் மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்ட ஆள் ஒருவர்கூடக் கிடையாது. எல்லோருக்கும் கம்ப்யூட்டர்தான் மறந்துபோயிருந்தது.

கேஸ் இதுதான். ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே எடுக்கும் படங்கள் எல்லாம் சர்வர் என்கிற ஒரு கம்ப்யூட்டரில் சேரும். அது என்றைக்காவது மண்டையைப் போடும் என்பதால், தினமும் மதியம் ஒன்றரைக்கு, மெஷின்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில், மாடியில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கு நெட்வொர்க் வழியாக நகல் போகும். பெட்டி பாஸ்வேர்டு கேட்கும். சரியாக இருந்தால் உள்ளே விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றுவது வழக்கம். இந்தத் தடவை மாற்றிய நாளிலிருந்து பெட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. 'பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு.' தினமும் அதே பதில். பத்தொன்பதாவது வேலைநாள் காலை பதினோரு மணிக்கு சர்வர் செத்தது. அறுநூறு பேருடைய படங்கள் போயே போய்விட்டன.

பழி முழுவதும் கம்ப்யூட்டர்க்காரர் தலையில் விழுந்தது. காலையில் வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டு, இங்கே மூன்று மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போகிறவர். அன்றே வேலை போயிற்று. போதாதென்று மேனேஜர் ஒரு கடிதத்தை டைப் செய்து நீட்டினார். 'என் தவறால்தான் எல்லாம் நடந்தது' என்று இன்று மாலை ஐந்துக்குள் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். போடாவிட்டால் வேண்டுமென்றே அழித்ததாகப் போலீசில் புகாராம். கையெழுத்துப் போட்ட கம்ப்யூட்டர்க்காரரை எந்த ஊரில் எவன் வேலைக்கு வைப்பான்? அவர் மனைவிதான் எங்களிடம் வந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டில் இருந்தோம். மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுந்து உட்கார வைப்பதற்குள் அவர் மனைவிக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"தினம் மூணு மணிக்கு வந்து அதே பாஸ்வேர்டைப் போட்டுப் பார்ப்பேங்க" என்றார். "உடனே திறக்கும். சேமிச்சு வெச்சிருந்த பாஸ்வேர்டை அழிச்சு மறுபடி போட்டேன். பெட்டியோட பேரை எடுத்துட்டு நம்பரைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் மூணு மணிக்குச் சரியா இருக்கும். மறுநாள் ஒன்றரைக்குத் தப்பாயிடும்."

"அப்பவே கையால பேக்கப் எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"மெஷின் ஓடற நேரத்துல எடுத்தா எல்லாம் மெதுவாயிடும்னு டாக்டர் விடலை. எழுதியே கேட்டேன். எல்லாருக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வேண்டாம், தனித்தனியா வெச்சுக்கலாம்னும் எழுதிக் கேட்டேன். எனக்கு ஒரு சாவி போதும்னுட்டார்."

சர்வர் செத்த அன்று மட்டும் அவரை மத்தியானமே கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போதுதான் முதல்முறையாக ஒன்று பத்துக்குப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் முன்னாலேயே வந்ததாம். ஏதோ ஒரு சாதனம் பழைய பாஸ்வேர்டோடு ஐந்து தடவை தட்டியது. ஐந்து தடவை தப்பாகத் தட்டினால் பெட்டி ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு சரியான பாஸ்வேர்டோடு போனாலும் திறக்காது. ஒன்றரைக்குப் போன பேக்கப் அதுவரை பதினெட்டு நாளும் மூடிய கதவில் முட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது. இவர் மூன்று மணிக்கு வருவதற்குள் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும்.

"இதை யார்கிட்ட சொன்னீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"டாக்டர்கிட்ட. ஓடிப்போய்ச் சொன்னேன். வெளிய நில்லுன்னார். அப்புறம் மேனேஜர் கூப்பிட்டு வேலையில்லைன்னுட்டார்."

"வேற யார்கிட்டயும்?"

"சொல்ல விட்டாத்தானே? மறுநாள்ல இருந்து ஒரு தப்பும் வரலையாம். மேனேஜர் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டாராம். பதினொண்ணுல ஒண்ணை நான்தான் மாத்தாம விட்டுட்டேன்னு சொல்றார்." பதினொன்றையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "விட்டிருப்பேனோ என்னவோ. இப்ப எனக்கே தெரியலை."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. போனில் ஆயிரம் குரல் கேட்டவன் நான். தப்பு செய்தவன் இப்படிப் பேசமாட்டான். தப்பு செய்யாதவனைப் போட்டு அடி அடியென்று அடித்தால் இப்படித்தான் பேசுவான்.

"அஞ்சு மணி வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்று அக்கா கிளம்பினாள். வாசலில் மனைவியின் அண்ணன் எதிரே வந்தார். எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தபடி உள்ளே போனார்.

எங்கள் கையில் இருந்தது இரண்டே காகிதம். ஒன்று பெட்டியின் பதிவு. மிரட்டுவதற்காக மேனேஜரே அச்சடித்துக் கொடுத்தது. இன்னொன்று கம்ப்யூட்டர்க்காரர் பாஸ்வேர்டு மாற்றிய அன்று எழுதிய பட்டியல். மனிதருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு கம்ப்யூட்டராக மாற்றி, டிக் போட்டு, அதில் உட்காருகிறவரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுவார். பதினொரு வரி, பதினொரு டிக், பதினொரு கையெழுத்து. பத்தாவது வரியில் பச்சை மையில் டாக்டர் எழுதியிருந்தார்: 'ரிப்போர்ட் அறைக் கம்ப்யூட்டர் ஒன்று மட்டும். வேறு எந்தச் சாதனமும் என்னிடம் இல்லை.'

"இதுல என்ன தெரியுது?" என்றாள் அக்கா, பஸ் நின்றபோது.

"டாக்டர் கையெழுத்தைப் படிக்க முடியுது. இதுவே பெரிய மர்மம்."

"கேக்காத கேள்விக்கு ஒருத்தர் பதில் எழுதியிருக்கார். அது தெரியலையா?"

*

ஸ்கேன் சென்டரில் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு பலகை. 'நோயாளிகளின் படங்களைக் கட்டிடத்துக்கு வெளியே எடுத்துச் செல்பவர் உடனடியாக வேலையிலிருந்து நீக்கப்படுவர்.' கீழே டாக்டரின் பெயர். போன வருஷம் ஒரு நர்ஸ், தன் தங்கை ஸ்கேனைப் போனில் படம் பிடித்துப் போனதற்காக வேலையை இழந்தாளாம். ரிசப்ஷன் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

மணி பன்னிரண்டே முக்கால். பெஞ்சுகளில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே எடுத்த ஸ்கேனைத் திரும்ப எடுக்க வந்தவர்கள். ஒரு கிழவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு யாரையோ சபித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர்க்காரரைத்தான்.

அக்கா ரிசப்ஷன் மேஜையில் இருந்த டோக்கன் நோட்டை எட்டிப் பார்த்தாள். "இது என்னம்மா, மேல தனியா ஒரு கட்டம்?"

"டாக்டர் வந்த நேரம். அவர் காலைல பெரிய ஆஸ்பத்திரில இருந்துட்டு இங்க வர்றவர். வந்ததும் நான் நேரம் எழுதினாத்தான் ரிப்போர்ட்டுக்கான முதல் டோக்கனைக் கூப்பிடுவோம். எழுதலைன்னா திட்டு விழும்."

"தினமும் எத்தனை மணிக்கு வருவார்?"

"ஒண்ணு பத்து. கடிகாரத்தை அவரைப் பார்த்து வெச்சுக்கலாம்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. பதிவுக் காகிதத்தை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன். மேனேஜர் சொன்னதுபோல ஒரு கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாறாமல் போயிருந்தால், அது காலை எட்டு மணிக்கு ஆன் ஆனதிலிருந்து தட்டிக்கொண்டே இருந்திருக்கும். இது அப்படியில்லை. மத்தியானம் ஒரே ஒரு வேளை மட்டும் வந்து தட்டுகிறது. அந்த நேரத்தில்தான் கட்டிடத்துக்குள் வருகிறது என்று அர்த்தம். வைஃபை எல்லைக்குள் கால் வைத்ததும், அதுவாகவே பழைய பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறது.

பெட்டி பூட்டிக்கொண்டதாகச் சொல்லும் பத்தொன்பது வரியில் பதினெட்டு, ஒன்று பத்தை ஒட்டி இருந்தன. ஒன்று மட்டும் பன்னிரண்டு நாற்பது. பதினாலாவது நாள்.

"பதினாலாவது வேலைநாள், அக்கா. நோட்டைத் திருப்புங்க."

அந்தப் பக்கத்தில் கட்டத்துக்குள் எழுதியிருந்தது: 12.40.

"அன்னிக்கு ஏன் சீக்கிரம் வந்தார்?" என்று அக்கா கேட்டாள்.

"அங்க ஆஸ்பத்திரில கரண்ட் இல்லைன்னு வந்துட்டார். சாப்பிடப் போனவளைப் பாதியில கூப்பிட்டாங்க, நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் அந்தப் பெண். பிறகு கம்ப்யூட்டர்க்காரர் ஞாபகம் வந்ததுபோலக் குனிந்து, "பாவம், காலைலகூட அவர் இங்க..." என்று ஆரம்பித்தாள்.

"யார் நீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேனேஜர். டாக்டரின் மனைவிக்குத் தம்பி. கையில் லேப்டாப்பைத் திறந்த வாக்கில் பிடித்திருந்தார். ரிசப்ஷன் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் அக்கா நோட்டைத் தன் போனில் படம் பிடித்து முடித்திருந்தாள்.

"போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ஆதாரம் கெட்டியா இருக்கான்னு பார்க்க வந்தோம்" என்றாள். ஒரு பொய்யும் இல்லை. மேனேஜருக்குக் கெட்டி என்ற வார்த்தை பிடித்துப்போயிற்று. டாக்டர் அறைக்கு அழைத்துப் போனார்.

*

டாக்டர் அப்போதுதான் வந்து பையை மேஜைமேல் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பதினொன்று. நல்ல உடுப்பு, நல்ல குரல். நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லிச் சொல்லி அந்தக் குரலுக்கு எதுவும் ஒட்டாத ஒரு வழவழப்பு வந்திருந்தது. போனைச் சார்ஜில் செருகி மேஜையில் வைத்தார். பையின் பக்கவாட்டில் இன்னொரு சார்ஜர் வயர் எட்டிப் பார்த்தது. அதன் முனை வேறு மாதிரி. அந்தப் போனுக்குச் சேராது.

"அந்த வயர் எதுக்கு டாக்டர்?" என்றாள் அக்கா.

"நீங்க யார்னே இன்னும் சொல்லலையே?"

"கம்ப்யூட்டர்க்காரர் சார்பா வந்திருக்கோம். பாஸ்வேர்டு மாத்தின நாள்ல இருந்து நீங்க எப்பெல்லாம் உள்ள வந்தீங்களோ, அப்பெல்லாம் பெட்டி பூட்டிக்கிச்சு. சீக்கிரம் வந்த அன்னிக்குச் சீக்கிரமா. கம்ப்யூட்டர்க்காரர் ஓடி வந்து உங்ககிட்ட சொன்ன மறுநாள்ல இருந்து அது நின்னுபோச்சு. அவர் சொன்னது உங்ககிட்ட மட்டும். அதை நிறுத்தத் தெரிஞ்சதும் உங்களுக்கு மட்டும்தான்."

மேனேஜர் வாயைத் திறந்தார். "நான்தான் எல்லாத்துலயும் பாஸ்வேர்டைத் திரும்ப..."

"பதினொண்ணுலயும் போட்டீங்க" என்றேன். "பன்னிரண்டாவதுல போட்டீங்களா?"

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பூசி மெழுகுவார், வக்கீலைக் கூப்பிடுவார், எங்களை வெளியே தள்ளச் சொல்வார் என்றெல்லாம் கணக்குப் போட்டு, அதற்கெல்லாம் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பையைத் திறந்தார். ஒரு டேப்லெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுதானே கேக்கறீங்க? ராத்திரி வீட்ல ஸ்கேன் படம் பார்க்கறதுக்கு வெச்சிருந்தேன். அவன் பாஸ்வேர்டை மாத்தினதும் படம் வரலை. புது பாஸ்வேர்டை இதுல போடுன்னு அவன்கிட்ட குடுக்க முடியுமா? வாசல்ல பலகை மாட்டினவனே நான்." பேசிக்கொண்டே, ஒரு வாரமாக அணைத்தே வைத்திருந்த அதன் பொத்தானை அழுத்தினார். திரை வெளிச்சமானது. "பாருங்க, இப்பவும் வராது."

மேனேஜர் கையில் இருந்த லேப்டாப்பில் பெட்டியின் பக்கம் திறந்தே இருந்தது. ஒரு சிவப்பு வரி. இன்னொன்று. ஐந்து வரி. 'கணக்கு பூட்டப்பட்டது.' மணி ஒன்று இருபத்திரண்டு.  ஒன்றரைக்கு இன்னும் எட்டு நிமிஷம். மேனேஜர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒன்றரை ஆயிற்று. புது சர்வர் பேக்கப் எடுக்கப் போயிற்று. பெட்டி பதில் சொன்னது: 'பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு.'

கம்ப்யூட்டர்க்காரர் இந்தக் கட்டிடத்தில் கால் வைத்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தான்..." என்றார் மேனேஜர்.  "அவனை நான் எவ்வளவு அசிங்கமாத் திட்டினேன் தெரியுமா?"

"அந்தச் செய்தியை மூடு" என்றார் டாக்டர்.

மேனேஜர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஓகேயை அழுத்தினார். நான் போனை எடுப்பதற்குள் திரை சுத்தமாகிவிட்டது. பொல்லாத பொத்தான் அது. அதை அழுத்தியே உலகத்தில் பாதிப் பேர் மனசாட்சியை மூடிவிடுகிறார்கள்.

"மூடினா என்ன, நோட்டு எங்ககிட்ட இருக்கு" என்றேன். "அஞ்சு மணிக்கு உங்க கடிதத்துல யார் கையெழுத்துப் போடறாங்கன்னு பார்ப்போம்."

டாக்டர் மேஜை அறையை இழுத்து ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"பதினொன்றரைக்கே வந்து போட்டுட்டான். அவன் பொண்டாட்டியோட அண்ணனும் கூட வந்தான். நான் கட்டாயப்படுத்தலை. இவன் போன்ல சொன்னப்போ நானே எதிர்பார்க்கலை." அவர் குரலில் முதல் தடவையாக ஏதோ ஒன்று இடறியது. "வெளிய அறுநூறு பேர் இருக்காங்க. அவங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும். நான் அந்த ஆளா இருந்தா இந்த இடத்தை மூடணும். இங்க முப்பது பேருக்கு வேலை."

"முப்பத்தோரு பேருக்கு" என்றாள் அக்கா. "ஒருத்தரை எண்ணாம விட்டுட்டீங்க."

கடிதத்தின் அடியில், டைப் அடித்த வரிகளுக்குக் கீழே, பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தது. பட்டியலில் பார்த்த அதே நேர்த்தியான கையெழுத்து: 'பதினொன்றில் ஒன்றை மாற்ற மறந்தேன். மன்னிக்கவும்.' இதை எழுதச் சொல்லி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 

*

சென்டருக்கு எதிரே ஒரு மூடிய கடையின் படிக்கட்டில் நின்று அக்கா போன் செய்தாள். மனைவிதான் எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. அண்ணன் வந்து போலீசு, ஜெயிலுன்னு பேசினார். ஆனா அண்ணனுக்காக அவர் போடலை. அவராத்தான் கிளம்பினார். வந்து படுத்தார், தூங்கிட்டார். எத்தனை நாள் கழிச்சுத் தூங்கறார் தெரியுமா? எழுப்பச் சொல்லாதீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியையே நடுங்க வைத்த கேள்விக்குறிக்கு அன்றைக்குக் கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"எழுப்புங்கம்மா. இது தெரியாம தூங்கறது தூக்கமில்லை."

வெகுநேரம் கழித்து அவர் குரல் வந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஒண்ணு பத்துக்கு வந்தது எது?"

"டாக்டரோட டேப்லெட். பைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தார்."

"டேப்லெட்டா?" என்றார்.  பிறகு, தேர்வு எழுதி வந்த பிள்ளை விடையைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். "அப்ப பதினொண்ணையும் மாத்தியிருக்கேன்?"

"பதினொண்ணையும் மாத்தினீங்க."

"எக்ஸ்ரே ரூம்ல இருக்கறது? அதைத்தான் விட்டுட்டேன்னு நினைச்சேன்."

"அதையும் மாத்தியிருக்கீங்க. டிக் இருக்கு. கையெழுத்து இருக்கு."

 "பயந்து போடலைங்க நான். பொய் எழுதிக் குடுக்கற ஆளில்லை. கையெழுத்துப் போடறப்போ, உண்மையைத்தான் எழுதறேன்னு நினைச்சேன்."

  அக்கா போனைப் பிடுங்கினாள்.

"கேளுங்க. அந்தக் கடிதத்தை அஞ்சு மணிக்குள்ள வாபஸ் வாங்கலாம், அவங்க குடுத்த கெடு அதுவரைக்கும் இருக்கு. எங்ககிட்ட நோட்டு இருக்கு, பட்டியல் இருக்கு. மேனேஜர் கண்ணால பார்த்திருக்கார், அவர் அசைஞ்சுட்டார். ஆனா நீங்க நேர்ல வந்து உங்க வாயால சொல்லணும். மூணு மணிக்கு வாங்க. தினம் வர்ற நேரம்தானே? நாங்க வாசல்லயே நிக்கறோம்."

"வரேன்" என்றார்.

நின்றோம். பெட்டி இந்நேரம் தானாகத் திறந்திருக்கும். கழுத்துவலிக் கிழவர் புது ஸ்கேனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். படியிறங்கும்போதுகூட திட்டிக்கொண்டேதான் இறங்கினார். அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, நீங்கள் திட்டவேண்டிய ஆள் அவர் இல்லை ஐயா என்று சொல்லத் துடித்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நாம சொன்னா அது வெறும் பேச்சு. அவர் வரட்டும்."

மூன்று மணி ஆயிற்று. மூன்று பத்து. ஒவ்வொரு பஸ் நின்றபோதும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தோம். மூன்றே காலுக்கு அக்காவின் போனில் அவர் மனைவியின் செய்தி வந்தது. 'சட்டை போட்டுட்டார். செருப்பு வரைக்கும் போனார். அங்கேயே நின்னுட்டு, அந்த வாசல்ல என்னால நுழைய முடியாதுன்னு திரும்பி வந்து படுத்துட்டார். இப்ப தூங்கலை. சும்மா படுத்திருக்கார்.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பையிலிருந்து பட்டியலை எடுத்து, முழங்காலில் வைத்து, பதினோராவது வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து எழுதினாள்: '12. டாக்டரின் டேப்லெட்.'

டிக் போடும் கட்டத்தையும் வரைந்தாள். அதை நிரப்ப இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது, ஆள்தான் இல்லை.